பெயர்ப்பலகையில் மட்டும் பிலதெல்பியா

இவ்வாரத் தியானப் பகுதி: வெளிப்படுத்தின விசேஷம் 3:7–13



சின்ன ஆசியாவின் ஏழு சபைகளுக்கும் ஆண்டவர் செய்தி அனுப்பினார். அவற்றுள் சர்தையின் பெயரையோ லவோதிக்கேயாவின் பெயரையோ தன் சபைக்குச் சூட்ட எவரும் முன்வருவதில்லை. பிலதெல்பியா என்ற பெயருக்கோ என்றும் குறைவில்லை. சபைகள், ஜெப வீடுகள், ஊழியங்கள் பலவற்றின் பெயர்ப்பலகைகளில் அதைக் காண்கிறோம். கடிந்துகொள்ளுதல் ஒன்றும் பெறாத சபையின் பெயர் என்பதால் அதன்மேல் நமக்கு அவ்வளவு ஆசை. ஆனால் அந்தப் பெயருக்குரிய பொருளை ஏற்க நமக்கு மனதில்லை. பெயரை எடுத்துக்கொண்டோம், பொருளை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டோம். இவ்வாரம் இதைக் கூர்மையாகவே எழுதுகிறேன். பொறுத்துக்கொண்டு இறுதிவரை வாசியுங்கள்.

இந்தப் பகுதி நம் மேடைகளில் எவ்விதம் பிரசங்கிக்கப்படுகிறது என்பதை எண்ணிப்பாருங்கள். ஒருவராலும் பூட்டமுடியாத திறந்த வாசல் என்றதும் நமக்கு வெளிநாட்டு விசா நினைவுக்கு வருகிறது. வேலை உயர்வும், பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரியில் இடமும் நினைவுக்கு வருகின்றன. புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளில் அந்த வாசல் ஆண்டுதோறும் அச்சாகிறது. கர்த்தர் தம் பிள்ளைகளுக்கு வேலையையும் கல்வியையும் அருளுகிறவர்தாம்; அதில் ஐயமில்லை. ஆயினும் அந்நிருபத்தின் வாசல் விமான நிலையத்தின் வாசல் அன்று. அது எந்த வாசல் என்று அறிய, அந்த நகரத்தையும் அதன் பெயரையும் முதலில் அறிய வேண்டும்.

பிலதெல்பியா, லீதியா நாட்டில் பெர்கமு அரசர்கள் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் நிறுவிய கிரேக்க நகரம். இன்று துருக்கியில் அலாஷெஹிர் என்று வழங்கும் ஊர் அது. பெர்கமுவின் அரசன் இரண்டாம் யூமெனேசுக்கு அத்தாலு என்றொரு தம்பி இருந்தான். கி.மு. 172இல் யூமெனேஸ் தாக்கப்பட்டு இறந்துவிட்டான் என்ற வதந்தி பரவவே, அத்தாலு முடிசூடிக்கொண்டான். அண்ணன் உயிரோடு திரும்பி வந்தபோது, முடியை மறுபேச்சின்றி அவனிடமே கொடுத்துவிட்டான். சில ஆண்டுகள் கழித்து, அண்ணனுக்கு எதிராக எழுந்தால் ஆதரவு தருவதாக ரோமாபுரியின் பெரியோர் சிலர் அவனுக்கு ஆசைகாட்டினர். அதற்கும் அவன் இணங்கவில்லை. இதனால் அவனுக்குப் பிலதெல்பு, அதாவது சகோதரனை நேசிப்பவன், என்ற சிறப்புப் பெயர் வழங்கிற்று. அப்பெயரிலிருந்து எழுந்ததே இந்நகரத்தின் பெயர்.

அச்சொல்லின் வேரைக் கவனியுங்கள். சகோதரனைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ‘அதெல்போஸ்’. ஒரே கருப்பையிலிருந்து வந்தவன் என்பது அதன் பொருள். நாம் வழங்கும் ‘சகோதரன்’ என்ற வடசொல்லும் அதே பொருளைத் தருகிறது; உதரம் என்றால் வயிறு. ‘உடன்பிறப்பு’ என்ற நம் சொல்லும் அருகிலேயே நிற்கிறது. கிரேக்க உலகத்தில் ‘பிலதெல்பியா’ என்ற சொல் பெரும்பாலும் இரத்த உறவின் எல்லைக்குள்ளேயே நின்றது. அண்ணன் தம்பியை நேசித்தால் அது பிலதெல்பியா. அடுத்த தெருவில் வாழ்பவனை நேசிப்பதற்கு அச்சொல்லை எவரும் எடுத்ததில்லை.

அப்போஸ்தலர்கள் அந்த எல்லையை உடைத்தார்கள். ரோமர் 12:10, 1 தெசலோனிக்கேயர் 4:9, எபிரெயர் 13:1, 1 பேதுரு 1:22, 2 பேதுரு 1:7 ஆகிய இடங்களில் சகோதர சிநேகம் என்று நாம் வாசிப்பது இந்தப் பிலதெல்பியா என்ற சொல்லையே. யூதனும் கிரேக்கனும், அடிமையும் எஜமானும் ஒரே பந்தியில் அமர்ந்திருந்த சபைகளுக்கு அந்நிருபங்கள் எழுதப்பட்டன. ஒரே தாயின் வயிற்றில் பிறவாதவர்களை, ஒரே ஞானஸ்நானத்தில் பிறந்தவர்கள் என்பதால் உடன்பிறந்தாராக எண்ணச் சொன்னது சுவிசேஷம். உலகம் அதுவரை அறியாத துணிவு அது. ஆகையால் தன் சாதியாரை மட்டும் சகோதரராக எண்ணும் கிறிஸ்தவன், அப்போஸ்தலர்கள் விரித்து வைத்த சொல்லைச் சுருட்டி மீண்டும் இரத்த உறவுக்குள் வைக்கிறான். தன் இனத்தாரை நேசிக்க அத்தாலுவே போதும். அதற்குச் சிலுவை தேவையில்லை.

பெயர் ஒருவனைக் காப்பாற்றாது என்பதற்கு அதே பெயரைத் தாங்கிய மற்றொரு நகரம் சாட்சி. எகிப்தின் அரசன் இரண்டாம் தாலமிக்கும் பிலதெல்பு என்றே பட்டம். அவன் தன் உடன்பிறந்த சகோதரியை மணந்தவன்; சகோதரர் இருவரைக் கொல்வித்தவன் என்று பவுசானியாஸ் என்னும் பண்டைய எழுத்தாளர் குறிக்கிறார். இவன் தன் பட்டத்தால் பிலதெல்பியா என்று பெயர்மாற்றிய நகரம் எது தெரியுமா? அம்மோன் புத்திரரின் ரப்பா. இன்று யோர்தானின் தலைநகராகிய அம்மான். தாவீதின் கட்டளைப்படி ஏத்தியனாகிய உரியா சாகும்படி போர்முனையில் விடப்பட்டது அந்த ரப்பாவின் மதிலருகேதான் (2 சாமுவேல் 11). உண்மையுள்ள ஒரு வீரனை, அந்நிய குலத்தானை, அரசன் காட்டிக்கொடுத்த இடத்துக்கு எழுநூறு ஆண்டுகளுக்குமேல் சென்றபின் சகோதர சிநேகம் என்று பெயர் வந்தது. பெயர் வந்ததால் உரியாவின் இரத்தம் அங்கிருந்து மறையவில்லை.

இப்போது லீதியாவின் பிலதெல்பியாவுக்குத் திரும்புவோம். கி.பி. 17இல் நேர்ந்த பெரும் பூமியதிர்ச்சி அப்பகுதியின் பன்னிரண்டு நகரங்களைச் சிதைத்தது. பிலதெல்பியாவும் அவற்றுள் ஒன்று. ஓயாமல் அதிர்ந்துகொண்டிருந்த அந்நகரத்தின் சுவர்களை நம்பாமல் மக்களில் பலர் வெளியே வயல்வெளிகளில் வாழ்ந்தனர் என்று ஸ்திராபோ எழுதுகிறார். பேரரசன் திபேரியு வரியைத் தள்ளுபடி செய்து உதவியதற்கு நன்றியாக, நகரம் நியோ சேசரியா என்ற புதுப்பெயரை ஏற்றது. பின்னர் வெஸ்பாசியானின் குடும்பப் பெயரால் பிலாவியா என்றும் தன்னை அழைத்துக்கொண்டது. அதிகாரத்தில் இருப்பவரின் பெயரைச் சூடிச் சலுகை பெறுவது அன்றைய நகரங்களின் வழக்கம்.

அத்தகைய ஊரில் வாழ்ந்த கொஞ்சம் பெலனுள்ள சபைக்கு ஆண்டவர் அளித்த வாக்குத்தத்தங்களை இந்தப் பின்னணியில் வாசியுங்கள். ஜெயங்கொள்ளுகிறவன் தேவாலயத்தில் தூணாவான். அவன் இனி வெளியேற வேண்டியதில்லை. அவன்மேல் புதிய நாமம் எழுதப்படும். தூண்கள் சரிந்த ஊரில், மக்கள் வெளியே ஓடிய ஊரில், இராயனுக்காகப் பெயர் மாறிய ஊரில் இவ்வார்த்தைகள் எவ்வளவு ஆறுதலாக ஒலித்திருக்கும்! அந்த விசுவாசிகள் ஜெப ஆலயத்தாரால் புறக்கணிக்கப்பட்டிருந்தார்கள் என்பதும் நிருபத்தில் தெரிகிறது. நீ எங்களைச் சேர்ந்தவன் அல்ல என்று வாசலைச் சாத்தியவர்களுக்கு எதிரே, தாவீதின் திறவுகோலை உடையவர் நின்று வாசலைத் திறந்தார். திறந்த வாசலின் பொருள் இதுவே: மனிதர் வெளியே தள்ளியவனுக்கு ஆண்டவர் திறந்த வாசல் அது. சகோதரனுக்கு எதிராகக் கதவைச் சாத்துகிறவன், தாவீதின் திறவுகோலை உடையவருக்கு எதிராகவே சாத்துகிறான்.

பெயரும் பொருளும் பிரிந்த கதை அங்கே முடிந்துவிடவில்லை. 1390இல் உஸ்மானிய சுல்தான் பாயெசித் பிலதெல்பியாவை முற்றுகையிட்டபோது, சின்ன ஆசியாவின் உட்பகுதியில் வீழாமல் நின்ற கடைசிக் கிரேக்கக் கிறிஸ்தவ நகரம் அதுதான். முற்றுகைப் படையில் யார் நின்றார்கள்? பின்னாளில் பைசாந்தியப் பேரரசராகிய மானுவேல், சுல்தானுக்குக் கீழ்ப்பட்டவராக அங்கே நிற்கவேண்டியதாயிற்று. சகோதர சிநேகம் என்று பெயர் பெற்ற நகரம், கிறிஸ்தவ இளவரசன் ஒருவன் எதிர்ப்படையில் நிற்க வீழ்ந்தது.

கடல்கடந்த மூன்றாம் பிலதெல்பியாவின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. நாம் பிலடெல்பியா என்று உச்சரிக்கும் அமெரிக்க நகரத்தை 1682இல் வில்லியம் பென் நிறுவினார். அவர் குவேக்கர், விசுவாசத்துக்காக இங்கிலாந்தில் சிறை கண்டவர். மதத்தின் பெயரால் எவரையும் துன்புறுத்தாத ஊரை அமைக்கவேண்டும் என்று விரும்பியே அப்பெயரைத் தெரிந்துகொண்டார். ஆயினும் அவரே அடிமைகளை வைத்திருந்தார். 1688இல் அருகிலிருந்த ஜெர்மன்டவுனில் நான்கு விசுவாசிகள், அடிமை வாணிபம் கிறிஸ்துவின் போதனைக்கு விரோதமானது என்று எழுதிக் கையொப்பமிட்டுக் குவேக்கர் கூட்டங்களுக்கு அனுப்பினார்கள். விஷயம் பெரிது என்று சொல்லி அதை ஒதுக்கி வைத்தனர். அடிமைகளை வைத்திருப்பவர் தங்கள் சபையில் இருக்கலாகாது என்று பிலடெல்பியாவின் குவேக்கர்கள் தீர்மானித்தது 1776இல். சகோதர சிநேகத்தின் நகரத்துக்குச் சகோதரன் யார் என்று முடிவுசெய்ய 88 ஆண்டுகள் தேவைப்பட்டன.

அதே நகரில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், செயின்ட் ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயத்தில் ஆராதனை நடந்துகொண்டிருந்தது. முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்த அப்சலோம் ஜோன்ஸ் என்ற கறுப்பின விசுவாசியை, அது உனக்குரிய இடமல்ல என்று சொல்லி ஆலயப் பொறுப்பாளர்கள் இழுத்து எழுப்பினார்கள். ஜெபம் முடியும்வரை பொறுக்கும்படி அவர் கேட்டும் பயனில்லை. அவரும், அடிமையாய்ப் பிறந்து தன் விடுதலையை விலைகொடுத்து வாங்கிய ரிச்சர்ட் ஆலனும், உடனிருந்த கறுப்பின மக்களும் எழுந்து வெளியேறினர். 1793இல் மஞ்சள் காய்ச்சல் நகரத்தைச் சூறையாடி, வசதியுள்ளோர் ஊரைவிட்டு ஓடியபோது, நோயுற்ற வெள்ளையரைப் பராமரிக்கவும் இறந்தவர்களை அடக்கம்பண்ணவும் கறுப்பின மக்களைத் திரட்டியவர்கள் இந்த இருவரே. முழங்காலிலிருந்து இழுத்தெழுப்பியவர்களின் பிணங்களைச் சுமக்க அவர்கள் மறுக்கவில்லை. அந்த ஊரில் பிலதெல்பியா என்ற பெயருக்கு உரியவர்கள் யார் என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

அமெரிக்காவைக் குறை சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. நம்முடைய கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே, உளுந்தூர்பேட்டை வட்டத்தில் எறையூர் இருக்கிறது. ஜெபமாலை அன்னையின் பெயரால் பெரிய ஆலயம் உள்ள பழைய கிறிஸ்தவ ஊர். இறந்தோரைக் கொண்டுசெல்லும் வழியிலும் கல்லறையிலும் ஆலயத்திலும் தங்களுக்குப் பாகுபாடு காட்டப்படுகிறது என்று தலித் கிறிஸ்தவர்கள் அங்கே நெடுங்காலம் முறையிட்டார்கள். தங்கள் சகாய மாதா ஆலயத்தைத் தனிப் பங்காக அறிவிக்கக் கோரி 2008 மார்ச்சில் உண்ணாவிரதம் இருந்தார்கள். மார்ச் 9 அன்று வன்னியர் கிறிஸ்தவர்களுக்கும் தலித் கிறிஸ்தவர்களுக்கும் இடையிலான பிணக்கு வன்முறையாக வெடித்தது. காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் இருவர் உயிரிழந்தனர். அது தபசு காலம். இரு பக்கத்தாரும் ஒரே ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஒரே அப்பத்தில் பங்குபெறுகிறவர்கள்.

அது கத்தோலிக்கரின் பிரச்சினை என்று சீர்திருத்தச் சபையார் சொல்லித் தப்ப முயலவேண்டாம். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பகுதியாக ஆலயத்தின் நடுவே எழுப்பிய சுவரை 1910இல் இடிக்க நேர்ந்தது. அதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம்வரை சென்றவர்கள் தோற்றார்கள் என்பது கத்தோலிக்க வரலாறு. 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாதென்று கட்டளையிட்டபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் அதற்குக் கீழ்ப்படிய மறுத்துப் பலர் வெளியேறியது நம் வரலாறு. இன்று நம் திருமண்டலத் தேர்தல்களில் வேட்பாளரின் ஆவிக்குரிய கனியையா எண்ணுகிறோம், அவருடைய சாதியின் ஓட்டுகளையா? திருமண விளம்பரங்களில் இரட்சிக்கப்பட்ட வரன் தேவை என்று எழுதிய வரியின் பக்கத்திலேயே சாதியின் பெயரும் நிற்கிறதே, அந்த இரண்டில் எதற்கு நாம் விட்டுக்கொடுக்க ஆயத்தமாயிருக்கிறோம்?

எனக்கு வரக்கூடிய மறுப்புகளை அறிவேன். இது சாதியல்ல, குடும்ப வழக்கம் என்பார்கள். வழக்கம் என்றால் அதை மாற்றலாமே. மாற்றச் சொன்னதும் கோபம் வருவானேன்? சுவிசேஷத்தை அறிவிப்பதே சபையின் வேலை, சமுதாயச் சீர்திருத்தம் வேறு என்பார்கள். பேதுரு அந்தியோகியாவில் புறஜாதியாரோடு பந்தியிருப்பதை விட்டு விலகியபோது, அது சுவிசேஷத்தின் சத்தியத்தையே புரட்டுகிற செயல் என்று பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்தார் (கலாத்தியர் 2:11–14). சாப்பாட்டுப் பந்தி சுவிசேஷத்தைச் சேர்ந்ததென்றால், கல்லறைப் பந்தியும் அதைச் சேர்ந்ததே. வற்புறுத்தினால் ஜனங்கள் சபையைவிட்டுப் போய்விடுவார்கள் என்பது மூன்றாவது மறுப்பு. போகக்கூடியவர்களைக் கணக்கிடுகிறோம். பின்வரிசையில் அமர்த்தப்பட்டு, மனம் கசந்து, சத்தமின்றிப் போய்விட்டவர்களை எந்தப் பதிவேட்டில் கணக்கிட்டோம்?

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1950 ஆகஸ்ட் 10ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஆணை, கிறிஸ்தவராகும் தலித் மக்களைப் பட்டியல் சாதியினராகக் கருதாமல் விலக்கிவைத்தது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் அவ்வாசல் திறந்தது. கிறிஸ்தவருக்கு இன்னும் திறக்கவில்லை. இந்த அநீதியை எதிர்த்துச் சபைகள் குரல் கொடுப்பது முற்றிலும் நியாயம். ஆனால் அந்த மனுவில் நாம் என்ன எழுதுகிறோம்? மதம் மாறியபின்னும் சாதிக் கொடுமை தொடர்கிறது என்று எழுதுகிறோம். பிரசங்க மேடையில் என்ன சொல்லுகிறோம்? கிறிஸ்துவுக்குள் சாதியே இல்லை என்கிறோம். அரசாங்கத்திடம் ஒரு வாய், ஆண்டவரிடம் ஒரு வாய். டெல்லியின் கதவைத் தட்டும் கையால், நம் கல்லறைத் தோட்டத்தின் கதவைத் திறக்க ஏன் முடியவில்லை?

கல்வராயன் மலையையும் நினைத்துக்கொள்ளுங்கள். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட சகோதரர் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறினார்கள் என்றும், அவர்களின் வழித்தோன்றல்களே தாங்கள் என்றும் மலையாளி பழங்குடியினர் தங்கள் தோற்றத்தைச் சொல்லிவருகிறார்கள். அந்த மக்கள் தங்கள் வரலாற்றையே சகோதரரைக் கொண்டு சொல்லுகிறார்கள். நாடு விடுதலையடைந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, 1976இல்தான் அந்த மலை ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து நீங்கிற்று. வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் சமவெளிச் சபைகள் வாகனங்களில் ஊழியத்துக்குச் செல்கின்றன. அரிசியும் போர்வையும் கொடுக்கிறோம், நிழற்படம் எடுக்கிறோம். அந்தப் படங்களில் இருப்பவர்களில் ஒருவரை நம் சபைக் குழுவில் அமர்த்தியிருக்கிறோமா? அவர்கள் வீட்டில் உண்டிருக்கிறோமா? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, குடித்தவன் செத்தான் என்று ஒரே சொல்லில் கடந்துபோன விசுவாசிகளும் உண்டு. மஞ்சள் காய்ச்சல் காலத்தில் ஆலனும் ஜோன்சும் அப்படிப் பேசியிருந்தால், நாம் நினைவுகூர அவர்களுக்கு ஒரு பெயர் இருந்திராது.

ஆகவே இந்தப் பெயரைத் தாங்கிய சபைகளுக்கும், தாங்காவிட்டாலும் இந்த நிருபத்தைத் தன்னுடையதாக எண்ணி வாசிக்கிற ஒவ்வொரு சபைக்கும் என் விண்ணப்பம் இது. ஒரே கல்லறைத் தோட்டம், அதில் இறந்த வரிசைப்படி குழி. எல்லாருக்கும் ஒரே சவ வண்டி, எல்லாத் தெருக்களின் வழியாகவும். திருவிருந்தில் ஒரே பாத்திரம், முதலில் வந்தவர் முதலில். சபைக் குழுவில் சேரியிலிருந்தும் மலையிலிருந்தும் வந்தவர்களுக்கு ஓட்டுரிமையோடு இருக்கை. இவற்றுள் எதற்கும் வெளிநாட்டுப் பணம் வேண்டாம், அரசாணை வேண்டாம், அடுத்த சபைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும். அத்தீர்மானத்துக்கு மனமில்லையென்றால், தயவுசெய்து பெயர்ப்பலகையைக் கழற்றிவிடுங்கள். பொய்ப் பெயரோடு நிற்பதைவிடப் பெயரின்றி நிற்பது மேலானது.

அலாஷெஹிரில் இன்று பழைய ஆலயமொன்றின் சில பெரிய தூண்கள் மட்டும் நிற்கின்றன. அங்கே எஞ்சியிருந்த கிரேக்கக் கிறிஸ்தவர்களும் 1923ஆம் ஆண்டின் மக்கள் பரிமாற்ற காலத்தோடு இல்லாமற்போனார்கள். சபை இல்லாத இடத்தில் தூண்கள் நிற்கமுடியும். ஆண்டவர் வாக்களித்த தூண்களோ கல்லால் ஆனவையல்ல, அவை மனிதர். அவர் நாட்டிய தூணை, நீ இந்தச் சாதியான் என்று சொல்லி வெளியே தள்ள நம்மில் எவருக்கு அதிகாரம்?

ஜெபம்: தாவீதின் திறவுகோலை உடைய ஆண்டவரே, உம்முடைய வீட்டின் வாசலில் காவல் நிற்கும் எங்கள் சாதிப் பெருமையை அகற்றிப்போடும். நாங்கள் சாத்திய கதவுகளை நீரே திறந்தருளும். எறையூரின் காயங்களை ஆற்றும். கல்வராயன் மலையிலும் அதன் அடிவாரத்திலும் வாழும் உம்முடைய பிள்ளைகளை எங்கள் உடன்பிறந்தாராகக் காணும் கண்களைத் தாரும். மனிதர் எழுதிய பெயர்களை அழித்து, உமது புதிய நாமத்தை எங்கள்மேல் எழுதும். இயேசுவின் மூலம் ஜெபம் கேளும், நல்ல பிதாவே. ஆமென்.